நுரையீரல் ஊசி: கர்ப்பத்தின் எந்தக் கிழமையில் போடலாம், எந்தக் கிழமையில் யோசிக்கலாம்

கொழும்பில் பிள்ளை பெறப்போகும் வீட்டுக்காரருக்கு இந்த ஊசியின் பெயர் தெரியாவிட்டாலும் ஊசியைத் தெரியும். "பிள்ளையின் லங்ஸ் வளருறதுக்கு ஊசி போட்டிருக்கு" என்பார்கள். டெக்சாமெதசோன் அல்லது பீட்டாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் அது. போடுவது தாய்க்கு, போய்ச் சேரவேண்டியது வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு ஓடுகிறது. "ஸ்டீரொயிட் போட்டால் பிள்ளையின் மூளை பாதிக்கும்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் வரும் பேச்சு ஒன்று. "எல்லாருக்கும் போடுறதுதானே, ஒண்டும் ஆகாது" என்ற பேச்சு மற்றது. இரண்டிலும் ஒரு சொல் விடுபட்டுப் போகிறது: கர்ப்பத்தின் எத்தனையாவது கிழமை, அதாவது எத்தனையாவது வாரம்? 28ஆவது கிழமையில் பிள்ளையின் உயிரையும் மூளையையும் காக்கிற அதே ஊசி, 38ஆவது கிழமையில் கேள்விக்குரியதாக மாறுகிறது. ஆகவே "ஊசியா, ஊசி இல்லையா" என்று மொத்தமாக ஒப்பிடுவதில் பயனில்லை. கிழமை கிழமையாகத்தான் ஒப்பிட வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 34 கிழமைக்கு முன் பிரசவம் வரப்போகிறது என்றால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். 34க்கும் 37க்கும் இடையில் கேள்வி கேட்டுப் போடுங்கள். 37, 38இல் திட்டமிட்ட சிசேரியனுக்காக என்றால், ஊசியை விட்டுத் திகதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். நான் வைத்தியர் அல்ல, ஆய்வுகளை வாசித்து எழுதுகிற ஆள். உங்கள் வைத்தியரிடம் போகும்போது என்ன கேட்கலாம் என்பதற்காகவே இது.

கருப்பையில் கடைசிக் கிழமைகளில் பிள்ளையின் உடலிலேயே கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடும். வெளியுலகத்துக்கு ஆயத்தமாகு என்று உறுப்புகளுக்குப் போகும் செய்தி அதுதான். அதைக் கேட்டு நுரையீரல், காற்றுப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சேர்பாக்டன்ட் என்ற பொருளைத் தாராளமாகச் சுரக்கும். குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைக்கு இந்தச் செய்தி வந்துசேரவில்லை. ஊசி அதை முன்கூட்டியே கொண்டுபோகிறது. தாயின் சொந்தக் கோர்ட்டிசோலில் பெரும்பகுதியை நச்சுக்கொடியிலுள்ள ஒரு நொதியம் செயலிழக்கச் செய்துவிடும். டெக்சாவும் பீட்டாவும் அந்தக் காவலைத் தாண்டிப் போகக்கூடியவை, அதனால்தான் அவற்றைத் தெரிந்தெடுத்தார்கள். சிக்கலும் அங்கேதான். செய்தி நுரையீரலுக்கு மட்டும் போவதில்லை, உடல் முழுவதும் போகிறது, மூளைக்கும் போகிறது. ஸ்டீரொயிட் கலங்களை முதிரச் செய்யும், ஆனால் அவை பெருகுவதைக் குறைக்கும். முதிர்ச்சி அவசரமாகத் தேவைப்படும் பிள்ளைக்கு அது லாபம். எப்படியும் நிறைமாதத்தில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்த அவசரம் எதற்கு?

இந்த இடத்தில் ஒரு பக்கக் குறிப்பு. ஆஸ்துமாவுக்கோ லூபஸ் நோய்க்கோ பிரெட்னிசொலோன் குளிசை எடுக்கும் தாய்மார் இந்தக் கட்டுரையைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம். பிரெட்னிசொலோனின் பெரும்பகுதி நச்சுக்கொடியிலேயே செயலிழந்துவிடும். பிள்ளைக்குப் போய்ச் சேருவது சிறு பங்கு. தாய்க்கு மூச்சு முட்டினால் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும். இன்ஹேலரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கீழே வரும் எல்லாம் டெக்சாவையும் பீட்டாவையும் பற்றியது மட்டுமே.

34 கிழமைக்கு முன்

நியூசிலாந்தின் ஓக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற வைத்தியர் செம்மறி ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீரொயிட் கொடுத்த ஆட்டுக்குட்டிகள், உயிரோடு இருக்கவே முடியாத அளவு முந்திப் பிறந்தும் மூச்சு விட்டதைக் கவனித்தார். அதை 1969இல் எழுதினார். ரொஸ் ஹோவி என்ற குழந்தை வைத்தியரோடு சேர்ந்து தாய்மாரில் செய்த பரிசோதனையின் முடிவு 1972இல் வந்தது. ஊசி போட்ட தாய்மாரின் குறைமாதப் பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறலும் குறைந்தது, இறப்பும் குறைந்தது. ஆனாலும் உலகம் இதை உடனே ஏற்கவில்லை. அமெரிக்காவில் பரவலாகப் போடச் சொல்லி நிபுணர் குழு முடிவெடுத்தது 1994இல்தான்.

அதன்பின் வந்த சான்று ஏராளம். மருத்துவச் சான்றுகளைத் திரட்டும் கொக்ரேன் என்ற அமைப்பின், 2020இல் வெளிவந்த தொகுப்பாய்வு 27 பரிசோதனைகளையும் 11,272 தாய்மாரையும் சேர்த்துப் பார்த்தது. பிறந்தபின் ஏற்படும் இறப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மூளைக்குள் இரத்தம் கசிவது கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறைந்தது. மூளையைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். குறைமாதப் பிள்ளையின் பிற்கால வளர்ச்சியைக் கெடுப்பதில் பெரிய பங்கு அந்தக் கசிவுக்கு உண்டு. அதனால்தான் இந்தக் கட்டத்தில் ஊசி பெற்ற பிள்ளைகளில் வளர்ச்சித் தாமதம் கூடவில்லை, குறைந்தே இருக்கிறது.

பணக்கார நாட்டுக் கணக்கு நமக்குச் சரிவருமா என்ற கேள்வி நியாயமானது. 2015இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் இந்த ஊசியைப் பரவலாக்கியபோது மொத்தத்தில் சிசு இறப்பு கூடியதைக் காட்டிப் பலரைத் திடுக்கிட வைத்தது. கிழமைக் கணக்குச் சரியாகத் தெரியாமல், குறைமாதமே அல்லாத பல தாய்மாருக்கும் ஊசி போனது அங்கே நடந்தவற்றில் ஒன்று. பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில், சிசுப் பராமரிப்பு வசதி உள்ள வைத்தியசாலைகளில் மட்டும் 2,852 தாய்மாரைச் சேர்த்து டெக்சாவைச் சோதித்தது. ஸ்கான் மூலம் கிழமையை உறுதிசெய்து, 26க்கும் 34க்கும் இடையில் உள்ளவர்களுக்கே கொடுத்தார்கள். சிசு இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாக இறங்கியது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முடிவு 2020இல் வந்தது. காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, டி சொய்சா மகளிர் வைத்தியசாலை போன்ற, பி.பி.யூ. (குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பிரிவு) இருக்கும் இடத்தில் பிள்ளை பெறும் கொழும்புத் தாய்க்குப் பொருந்துவது இந்த இரண்டாவது ஆய்வுதான்.

நீண்ட காலம்? ஓக்லாந்து ஆய்வில் பிறந்தவர்களை 30 வயதில் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். அறிவாற்றல், நினைவு, மனநலம், இரத்த அழுத்தம் எதிலும் ஊசி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இன்சுலின் வேலை செய்வதில் மட்டும் ஒரு சிறு மாற்றம் தெரிந்தது. ஐம்பது வயதை ஒட்டி மறுபடி பார்த்தபோதும் இருதய நோய் ஆபத்து கூடியிருக்கவில்லை. ஒரு மருந்தை ஒரு மனிதரின் பாதி ஆயுளுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்த கதை மருத்துவத்தில் அபூர்வம்.

ஆகவே 30ஆவது கிழமையில் பன்னீர்க்குடம் உடைந்து வார்டுக்குப் போன பெண்ணிடம், "ஸ்டீரொயிட் எண்டா வேண்டாம் எண்டு சொல்லு" என்று யாராவது போனில் சொன்னால், அந்தப் போனை வாங்கி வைத்துவிடுங்கள். இது ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டிய இடமே இல்லை.

34க்கும் 37க்கும் இடையில்

இங்கேதான் தடுமாற்றம் தொடங்குகிறது. 35ஆவது கிழமைப் பிள்ளை பெரும்பாலும் தானாக மூச்சு விடும். சிலதுக்குக் கொஞ்ச நாள் ஒட்சிசன் தேவைப்படும். ஊசியின் லாபம் இருக்கிறது, ஆனால் சிறியது.

அமெரிக்காவில் 2,831 தாய்மாரைச் சேர்த்து 2016இல் வெளிவந்த ஆய்வில், மூச்சுக்கு உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் ஊசி போட்டவர்களில் 11.6 சதவீதம், போடாதவர்களில் 14.4 சதவீதம். அதாவது நூற்றுக்கு மூன்று பிள்ளைகள் தப்பின. அதே ஆய்வில் பிறந்தவுடன் இரத்தத்தில் சீனி இறங்கிய பிள்ளைகள் 15 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் கூடின. சீனி இறங்கியதைக் கவனித்து உடனே பாலோ குளுக்கோஸோ கொடுத்தால் சரி. கவனிக்காமல் விட்டால் மூளைக்கு நல்லதல்ல. அதனால் ஊசி பெற்ற பிள்ளைக்குக் குதியில் குத்திக் குத்திச் சீனி பார்ப்பார்கள். அந்தப் பிஞ்சுக் குதியில் பொட்டுப் பொட்டாகச் சிவந்திருப்பதைப் பார்த்து வீட்டார் சண்டைக்குப் போவதுண்டு. போக வேண்டாம். சீனி பார்க்காமல் விட்டால்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று: அந்த ஆய்வில் கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு இருந்த தாய்மாரைச் சேர்க்கவில்லை. ஊசி தாயின் சீனியையும் சில நாட்களுக்கு நன்றாகவே ஏற்றும். இன்சுலின் அளவை மாற்ற வேண்டிவரும். வீட்டுக்கு வீடு சீனி வருத்தம் இருக்கும் நம் ஆட்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பிள்ளையின் அசைவு ஓரிரு நாள் குறைந்த மாதிரித் தெரிவதும் உண்டு. ஊசிக்குப் பின் அப்படித் தோன்றினால் "ஊசியாலதான்" என்று நீங்களே தீர்மானித்துவிடாமல் தாதியிடம் சொல்லுங்கள்.

நீண்ட கால விளைவைப் பொறுத்தவரை, இதே ஆய்வில் பிறந்த பிள்ளைகளை ஆறு வயதுக்குப் பின் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். அறிவாற்றல் குறைவாக இருந்தவர்கள் ஊசி பெற்றவர்களில் 17.1 சதவீதம், பெறாதவர்களில் 18.5 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். எனக்கு இது பெரிய ஆறுதலாகப் பட்டது, ஏனென்றால் யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வில் வந்த விடை இது.

அப்படியானால் ஏன் யோசிக்க வேண்டும்? பிரசவம் இந்தக் கிழமையே வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத தாய்மாருக்கும் ஊசி போய்விடுகிறது என்பதால். ஊசியின் முழுப் பலன் போட்டு ஒரு நாள் கழிந்தது முதல் ஏழு நாள் வரைக்கும்தான். 35இல் வயிறு இறுகியது, ஊசி போட்டார்கள், வலி அடங்கியது, வீட்டுக்கு வந்தார், 39இல் பிள்ளை பிறந்தது என்றால் நுரையீரலுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. மூளை மட்டும் மருந்தைக் கண்டது. இந்த ஊசி பெற்ற பிள்ளைகளில் பத்துக்கு நான்கு அளவில் கடைசியில் நிறைமாதத்திலேயே பிறக்கின்றன.

பின்லாந்தின் பதிவேடுகளை வைத்து 2020இல் வந்த ஆய்வு அந்தப் பிள்ளைகளைத்தான் தேடிப் பார்த்தது. 2006 முதல் 2017 வரை பிறந்த 670,097 பிள்ளைகளில் 14,868 பேர் ஊசி கண்டவர்கள். நிறைமாதத்தில் பிறந்தவர்களுக்குள் மனநல, நடத்தைக் கோளாறு ஏதாவது பதிவானது, ஊசி பெற்றவர்களில் 8.89 சதவீதம், பெறாதவர்களில் 6.31 சதவீதம். கவனக் குறைவு, பேச்சு, தூக்கம், பதற்றம் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குள் மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. 2022இல் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் திரட்டிப் பார்த்த இன்னொரு தொகுப்பாய்வும் இதே வடிவத்தைத்தான் கண்டது: மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு மூளை வளர்ச்சியில் லாபம், நிறைமாதத்தில் பிறந்தவர்களுக்குக் கொஞ்சம் நட்டம்.

இந்த எண்களை வாசிக்கும்போது ஒரு சந்தேகம் வர வேண்டும். ஊசி போட வேண்டி வந்ததற்கே ஒரு காரணம் இருந்திருக்குமே? முந்தி வலி வந்த கர்ப்பம், இரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பம், கிருமித் தொற்று வந்த கர்ப்பம் ஆகியவற்றில் பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னால் சிக்கல் கூடுவது ஊசி இல்லாமலும் நடக்கும். பின்லாந்தில் அதைத் தவிர்க்க ஒரே தாயின் பிள்ளைகளுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் வேறுபாடு முழுக்க மறையவில்லை. ஆனாலும் பதிவேட்டை வைத்துச் செய்யும் ஆய்வு பதிவேட்டு ஆய்வுதான். குற்றம் ஊசியினுடையது என்று அது நிரூபிக்காது, சந்தேகப்பட நியாயம் உண்டு என்று மட்டும் சொல்லும்.

ஆகவே இந்த இடைக்காலத்தில் வைத்தியரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஏழு நாளுக்குள் பிள்ளை பிறக்கும் என்று எவ்வளவு உறுதி?" பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது, கருப்பை வாய் விரிந்துவிட்டது, பிரசர் ஏறியதால் நாளை மறுநாள் எடுக்கத்தான் போகிறோம் என்றால் அது ஒரு விடை. "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்றால் அது இன்னொரு விடை. அந்த இரண்டாவது விடைக்கு, வார்டில் ஒரு நாள் இருந்து வலி போகும் போக்கைப் பார்க்கலாமா என்று திருப்பிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இந்தக் கிழமைகளில் திட்டமிட்ட சிசேரியன் செய்பவர்களுக்கு ஊசியைப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2022 வழிகாட்டியில் எழுதியிருக்கிறது.

37, 38: நாள் பார்த்த சிசேரியன்

குடும்பத்தின் பேச்சுக்கு உண்மையில் இடம் இருப்பது இந்தக் கட்டத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பேசலாம். கொழும்பில் திட்டமிட்ட சிசேரியனின் திகதி பல பேரின் வசதியில் தீர்மானமாகிறது. நட்சத்திரம் ஒன்று. டொக்டர் வெளிநாடு போகிறார் என்பது ஒன்று. டொரொண்டோவிலிருந்து அம்மம்மா வந்து நிற்கிறார், அவருடைய திரும்பும் டிக்கட் ஒன்று. முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும் என்ற பள்ளிக்கூடக் கணக்குக்கூட ஒன்று. ஜனவரிக் கடைசியில் பிள்ளையை எடுத்துவிட்டால் ஒரு வருடம் மிச்சம் என்று நினைப்பார்கள். வகுப்பிலேயே மிகச் சிறிய பிள்ளையாக அது உட்காரப்போகிறது என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

என் மச்சாளுக்கு முதல் பிள்ளை சிசேரியன். இரண்டாவதும் அப்படித்தான் என்று முடிவாகியிருந்தது. மாமி வெள்ளவத்தையில் சாத்திரியாரிடம் நாள் பார்த்து வைத்திருந்தார். நல்ல நட்சத்திரம் 37 கிழமையும் சில நாட்களுமாக விழுந்தது. சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் மறுக்கவில்லை, "முந்தி எடுக்கிறதெண்டா ரெண்டு ஊசி போட்டுட்டு எடுப்பம்" என்றார். மச்சாள் கேட்டாள்: "ஊசி போடாம இருக்கிறதெண்டா என்ன செய்யவேணும் டொக்டர்?"

"ஒண்டரைக் கிழமை பொறுக்கவேணும்."

மாமி கைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். "அப்ப அதுக்குப் பிறகு வாற நாளைப் பாப்பம்."

நட்சத்திரங்கள் இருபத்தேழு இருக்கின்றன. ஒன்று தவறினால் இன்னொன்று வரும். அந்த ஒன்றரைக் கிழமைக்கு எவ்வளவு பெறுமதி என்பதற்கு எண் இருக்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் 998 தாய்மாரை வைத்து நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, சிசேரியனுக்கு முன் பீட்டாமெதசோன் போட்டால் மூச்சுத்திணறலோடு சிறப்புப் பிரிவுக்குப் போகும் பிள்ளைகள் 5.1 சதவீதத்திலிருந்து 2.4 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. ஊசிக்கு வெற்றி என்றே அப்போது எல்லோரும் வாசித்தார்கள். ஆனால் அதே ஆய்வின் கிழமைக் கணக்கைப் பாருங்கள். 37இல் ஊசி இல்லாமல் 11.4 சதவீதம், ஊசியோடு 5.2. 38இல் ஊசி இல்லாமல் 6.2, ஊசியோடு 2.8. 39இலோ ஊசியே இல்லாமல் 1.5. ஊசி போட்டு 37இல் எடுப்பதைவிடவும் 38இல் எடுப்பதைவிடவும், ஒன்றும் போடாமல் 39 வரை பொறுப்பது பிள்ளையின் மூச்சுக்கு நல்லது.

அந்தப் பிள்ளைகள் எட்டு முதல் பதினைந்து வயதாக இருந்தபோது அவர்களைப் பற்றி மறுபடி விசாரித்து 2013இல் எழுதினார்கள். பெற்றோர் நிரப்பிய நடத்தை வினாக்கொத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் வகுப்பில் கடைசிக் காற்பங்கில் இருப்பதாகப் பள்ளிக்கூடம் சொன்னவர்கள், ஊசி பெற்றவர்களில் 17.7 சதவீதம், பெறாதவர்களில் 8.5 சதவீதம். விசாரணைக்கு விடை கொடுத்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான், பள்ளிக்கூட மதிப்பீடு ஒரு சோதனையும் அல்ல. இதை வைத்து யாரையும் பயமுறுத்துவது அநியாயம். ஆனால் எதிர்த்தட்டில் இருப்பது என்ன? பொறுத்திருந்தாலே கிடைக்கும் ஒரு லாபம். அப்படியான ஒப்பீட்டில் இந்தச் சிறு சந்தேகத்துக்குக்கூட நிறை உண்டு. பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் கல்லூரியும் 2022இல் தன் வழிகாட்டியைத் திருத்தி, இந்தக் கிழமைகளில் நன்மை தீமை இரண்டையும் தாயோடு பேசிய பின்பே முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறது.

பொறுக்க முடியாதவர்களும் உண்டு. நச்சுக்கொடி கீழே இறங்கி இருப்பவர்கள், பிரசர் அடங்காதவர்கள், முன்பு கருப்பையில் நெடுக்காக வெட்டியவர்கள். அவர்களுக்கு 37இல் எடுப்பதே பாதுகாப்பு. அங்கே ஊசி போடுவதா விடுவதா என்பது பி.பி.யூ. வசதியையும் தாயின் சீனியையும் பார்த்து எடுக்கும் முடிவு. 39 வரை பொறுத்திருக்கையில் இரவில் வலி வந்து அவசரச் சிசேரியன் ஆகிவிடலாம் என்பதும் உண்மை. அதற்காக வீட்டில் பை கட்டி ஆயத்தமாக இருப்பதும், இரவில் வைத்தியசாலைக்குப் போக யாரின் வாகனம் என்று முதலே பேசி வைப்பதும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். 37 என்பது உண்மையில் 37தானா? முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த டேட்டிங் ஸ்கானில் உள்ள கணக்குத்தான் நம்பக்கூடியது. பிந்தி எடுத்த ஸ்கானை வைத்துச் சொல்லும் கிழமை ஒன்றிரண்டு முன்பின் போகும். அப்படியானால் 37 என்று எடுத்த பிள்ளை 35ஆகவும் இருக்கலாம். கிளினிக் கார்டில் அந்த முதல் ஸ்கான் திகதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை, எந்த மருந்து

28இல் ஊசி போட்டு, பிள்ளை பிறக்காமல் 31 ஆகிவிட்டது, மறுபடி வலி. திரும்பப் போடலாமா? அவுஸ்திரேலியா, நியூசிலாந்தில் 2006இல் வந்த ஆய்வில் மறுபடி போட்டதால் மூச்சுத்திணறல் 41இலிருந்து 33 சதவீதமாகக் குறைந்தது. கனடாவிலிருந்து நடத்தப்பட்டு 2008இல் வந்த ஆய்விலோ லாபம் தெரியவில்லை, பிள்ளைகளின் நிறையும் தலைச் சுற்றளவும் குறைந்தன. அமெரிக்காவில் பல தடவை போட்ட ஓர் ஆய்வில் மூளை வாதம் (செரிப்ரல் பால்சி) மறுபடி ஊசி பெற்ற பக்கத்தில் ஆறு பிள்ளைகளுக்கும் பெறாத பக்கத்தில் ஒரு பிள்ளைக்கும் வந்தது. எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம், ஆனாலும் அதன்பின் கிழமைக்குக் கிழமை போடும் வழக்கத்தில் கை நடுங்கத் தொடங்கியது. பிரசவம் உண்மையிலேயே வரப்போகிறது, 34 ஆகவில்லை, முதல் ஊசி போட்டு நாளாகிவிட்டது என்றால் இன்னும் ஒரு தடவை போடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

டெக்சாவா பீட்டாவா என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. டெக்சா 6 மில்லிகிராம் பன்னிரண்டு மணிக்கொரு தடவையாக நான்கு ஊசி. பீட்டா 12 மில்லிகிராம் இருபத்துநான்கு மணி இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு வயதில் பிள்ளைகளுக்குள் வேறுபாடு இல்லை. டெக்சா மலிவு. வைத்தியசாலையில் எது இருக்கிறதோ அதுவே போதும்.

ஊசி போட்டாயிற்று, பிள்ளையும் நிறைமாதத்தில் பிறந்துவிட்டது

இதை வாசிக்கிற பலர் இந்தக் கட்டத்தில்தான் இருப்பீர்கள். பின்லாந்துக் கணக்கையே எடுத்தாலும், ஊசி பெற்று நிறைமாதத்தில் பிறந்த நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றொரு பிள்ளைகளுக்கு எந்தக் கோளாறும் பதிவாகவில்லை. வந்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு ஊசி இல்லாமலே வந்திருக்கும். "நான் அண்டைக்கு வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம்" என்று தாய் உட்கார்ந்து அழ இதில் ஒன்றுமில்லை. அன்று வார்டில் யாருக்கும் பிள்ளை 39இல் பிறக்கும் என்று தெரியாது.

செய்யக்கூடியது சாதாரண வேலை. வைத்தியசாலையிலிருந்து வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் எந்த மருந்து, எத்தனை ஊசி, எந்தத் திகதி, அப்போது எத்தனை கிழமை என்று இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில், தலைச் சுற்றளவும் வளர்ச்சிப் படிகளும் குறிக்கும் பக்கங்களை நிறைப் பக்கம் அளவுக்கு மதியுங்கள். கிளினிக்கில் நிறையைப் போட்டுவிட்டு மற்றதை வெறுமையாக விட்டால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டு நிரப்புவியுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தால், இரண்டு வயது வரை, பிறக்க வேண்டிய திகதியிலிருந்து எண்ணி வயதைத் திருத்திப் பாருங்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை ஒன்பது மாதத்தில் ஏழு மாதப் பிள்ளை செய்வதைச் செய்தால் அது சரியாகத்தான் இருக்கிறது.

பேச்சுப் பிந்தினால் கொழும்பில் ஒரு வழக்கமான விளக்கம் தயாராக இருக்கும்: "வீட்டில தமிழ், வெளியில சிங்களம், கார்ட்டூன் இங்கிலிஷ், மூண்டு பாஷையிலயும் பிள்ளை குழம்பிட்டுது." பல மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. அந்தச் சமாதானத்தில் ஒரு வருடம் போய்விடும், அதுதான் நட்டம். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் முதலில் காதைச் சோதியுங்கள், குறிப்பாகப் பி.பி.யூ.வில் இருந்த பிள்ளை என்றால். பிறகு பேச்சுப் பயிற்சியாளர். சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ வேறு சிறுவர் கிளினிக்குக்கோ போகும்போது டயக்னோசிஸ் கார்டையும் கொண்டுபோங்கள். ஊசியைப் பற்றி அவர்கள் கேட்டால் காட்டலாம். கேட்காவிட்டாலும் காதுச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.